ஒரு சொட்டு போர்பன்

டெக்னிக்கல் மேனேஜரின் அறையில் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. மேல் தட்டில் சட்டம் போட்ட தரச் சான்றிதழ்கள். கீழ்த் தட்டில் வாடிக்கையாளர் யாரோ தீபாவளிக்குக் கொடுத்த பித்தளைப் பிள்ளையார். நடுத் தட்டில் ஒரே ஒரு பாட்டிலும், அது வந்த அட்டைப்பெட்டியும். அகலமான தோள், குட்டைக் கழுத்து, மூடிக்கு மேல் கிழிக்கப்படாத காகித முத்திரை. மாலை நான்கு மணிக்கு மேற்கு ஜன்னல் வழியாக வெயில் வந்து அந்தப் பாட்டிலில் விழும். மேஜை மேல் தேன் நிறத்தில் ஒரு வட்டம் தெரியும். அந்த வட்டத்தை மறைத்து எதையும் வைக்க அவர் விடமாட்டார். கையெழுத்துக்காக நாங்கள் நீட்டும் காகிதங்களைச் சற்றுத் தள்ளி வைக்கச் சொல்வார்.

அதன் பெயர் போர்பன் என்று முதல் முறை கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. எனக்குத் தெரிந்த போர்பன், நடுவில் சாக்லேட் க்ரீம் தடவிப் பெட்டிக்கடையில் விற்கும் பிஸ்கட். அதை எதற்குப் பாட்டிலில் அடைத்து அலமாரியில் வைத்திருக்கிறார் என்று லேபில் யாரிடமோ கேட்டுவிட்டேன். அது அவர் காதுக்குப் போயிற்று. அடுத்த வாரம் மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் அதைச் சொல்லிச் சிரித்தார். "அமெரிக்காவுல மக்காச்சோளத்துல காய்ச்சற விஸ்கிம்மா அது. அதுலயும் இது சாதாரணம் இல்ல. இதுக்காக ஜனங்க க்யூவுல நிப்பாங்க" என்றார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அப்போது அவர்மேல் எனக்கு ஒன்றும் இல்லை.

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனி எசென்ஸ் தயாரித்தது. கேக்கில் போடும் வனிலா, சோடாவில் கலக்கும் ரோஜா, ஐஸ்க்ரீமுக்கு மாம்பழம், இருமல் மருந்தின் கசப்பை மறைக்க ஆரஞ்சு. நான் லேபில் வாசனையும் சுவையும் பார்ப்பவள். மெலிந்த காகிதப் பட்டையை எசென்ஸில் நனைத்து மூக்கருகே பிடித்தால், உள்ளே என்னென்ன எந்த அளவில் இருக்கின்றன என்று என்னால் பெரும்பாலும் சொல்லிவிட முடியும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. என் அப்பா பூந்தமல்லிப் பக்கம் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். நிலங்கள் கம்பெனிகள் ஆனபிறகு ஒரு கம்பெனியின் கேட்டில் காவலுக்கு நின்றார். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். வேதியியல். அந்த லேப் கோட்டைப் போட்டுக்கொண்டு அண்ணனூர் ஸ்டேஷனில் ரயிலேறுவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. கோட்டைக் கம்பெனியிலேயே கழற்றி வைக்க வேண்டும் என்பதுதான் விதி. நான் போட்டுக்கொண்டேதான் போவேன்.

ஒரு ஐஸ்க்ரீம் கம்பெனிக்கு போர்பன் சுவையில் ஒரு எசென்ஸ் வேண்டியிருந்தது. போதை இருக்கக் கூடாது, குடித்த உணர்வு மட்டும் வேண்டும். அதுவரை நாங்கள் தொட்டிராத பெரிய ஆர்டர். டெக்னிக்கல் மேனேஜர் அதை என்னிடம் கொடுத்தார். நான் அவர் அறைக்குப் போய், நின்றபடியே கேட்டேன்.

"சார், அந்த பாட்டில்ல ஒரே ஒரு சொட்டு குடுங்க. நாக்குல வெச்சுப் பாத்துட்டா மூணு நாள்ல முடிச்சிடுவேன்."

அவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். "பொம்பளப் புள்ள கேக்கற கேள்வியாம்மா இது? உங்க வீட்ல தெரிஞ்சா என்ன நினைப்பாங்க?"

"வேலைக்குத்தானே சார். மோந்து பாக்கறதாச்சும்..."

"அதைத் தொறந்தா அதோட உயிர் போயிடும். நான் அமெரிக்காவுல குடிச்சிருக்கேன். எப்படி இருக்கும்னு நான் சொல்றேன். நீ செய்."

சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். முதலில் தேன். பிறகு நெய்யில் வறுத்த பாதாம். நாக்கின் ஓரத்தில் ஆரஞ்சுத் தோல். கடைசியில், விழுங்கி வெகு நேரம் கழித்து, பழைய நூலகத்துக்குள் நுழைந்தால் வருமே, அந்த வாசனை. நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சுகத்தைப் பார்த்து, இந்த உலகத்தில் எனக்கு எட்டாத ஏதோ ஒன்று அந்த பாட்டிலுக்குள் இருக்கிறது என்று நானும் நம்பினேன். அதுதான் என்னால் இன்றும் பொறுக்க முடியாதது. நம்பினேன்.

முதல் இரண்டு ட்ரையலும் அவர் சொன்னபடியே செய்தேன். தேனும் பாதாமும் சேர்ந்து ஏதோ கல்யாண வீட்டு அல்வா போல வந்தது. சாராயத்தின் சாயலே இல்லை. மூன்றாவதில் அவர் சொன்னதைத் தள்ளி வைத்துவிட்டு நானே யோசித்தேன். மக்காச்சோளம். உட்புறம் கருக்கிய மரப் பீப்பாய். பல வருஷம் அடைத்து வைத்த சாராயம். ரயிலடியில் சுட்ட சோளம் வாங்கி வந்து, தின்னாமல் மோந்துகொண்டே இருந்தேன். அம்பத்தூருக்கு அடுத்த பாடியில், லாரிகளுக்கு மரப்பெட்டி அடிக்கும் கடையில் சீவல்களை அள்ளி வந்து, கரிய விட்டு, ஸ்பிரிட்டில் ஊறப் போட்டேன். மரம் எரியும்போது இனிப்பாக ஒரு வாசனை வரும், வனிலாவுக்குத் தங்கை மாதிரி. அதைப் பிடித்துக்கொண்டேன். கூடவே தேங்காயின் சாயல் கொஞ்சம், கனிந்த வாழைப்பழம் கொஞ்சம், நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் நெடி துளி. உறுத்தலாகத்தான் இருந்தது. ஆனால் உயிரோடு இருந்தது.

முதலாளி வந்திருந்த நாளில், மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் அதைக் கொண்டுபோய் வைத்தேன். டெக்னிக்கல் மேனேஜர் பட்டையை மோந்து, சர்க்கரைத் தண்ணீரில் கலந்ததை நாக்கில் வைத்து, முகத்தைச் சுளித்தார்.

"பெயின்ட் அடிச்ச கதவை நக்கின மாதிரி இருக்கு" என்றார். முதலாளி சிரித்தார். அந்தச் சிரிப்பு கொடுத்த உற்சாகத்தில் அவர் அடுத்ததையும் சொன்னார். "நாம அவங்களைக் குத்தம் சொல்லக் கூடாது சார். ரேஷன் அரிசி சாப்பிட்ட நாக்கு. அதுக்கு என்ன தெரியும் பாவம்."

முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பர்ச்சேஸ் ஆபீஸர் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார். நான் பட்டைகளை எல்லாம் பொறுக்கிக்கொண்டு லேபுக்குத் திரும்பினேன். அன்று அந்தக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ரயிலேறினேன்.

அதற்குப் பிறகு பதினோரு ட்ரையல் செய்தேன். தேன் கூட்டினேன், பாதாம் குறைத்தேன், நூலகத்துக்காகப் பழைய காகிதத்தை ஊற வைத்துக்கூடப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் அவர் கண்ணை மூடி, தலையை இடவலமாக ஆட்டினார். "பக்கத்துலகூட வரல." ஐஸ்க்ரீம் கம்பெனி பொறுத்துப் பார்த்துவிட்டு பம்பாயில் வேறு ஆளைப் பிடித்தது. யாரால் ஆர்டர் போனது என்று முதலாளி கேட்டபோது டெக்னிக்கல் மேனேஜர் என் பெயரைச் சொன்னார். என்னைப் பேக்கிங்கில் போட்டார்கள். அடுத்த ஒன்றரை வருஷம் நான் சின்னக் குப்பிகளுக்கு மூடி திருகினேன். பேக்கிங்கில் இருந்த அக்கா மட்டும் முதல் நாளே என் பக்கத்தில் வந்து நின்று, "அழுவாதமே. மூடிய இறுக்கித் திருகு. அந்தாளு கழுத்துன்னு நெனச்சிகினு திருகு" என்றாள். அப்படியே திருகினேன். என் மூடிகளில் ஒன்றுகூட ஒழுகியதில்லை.

பிறகு எஸ்டேட்டிலேயே வேறொரு சிறிய கம்பெனியில் லேப் வேலை கிடைத்தது. இன்று அங்கே லேபுக்குப் பொறுப்பு நான்தான். பழைய கம்பெனியை முதலாளி விற்றுவிட்டார். டெக்னிக்கல் மேனேஜர் ஓய்வு பெற்று கரையான்சாவடியில் மகன் வாங்கிய ஃப்ளாட்டுக்குப் போனார். வெளியில் பார்த்தால் எல்லாம் நன்றாகவே முடிந்துவிட்டது. ஆனால் பதினெட்டு வருஷமாக, சமைத்ததை உப்புப் பார்க்க நாக்கில் வைக்கும்போதெல்லாம் அவர் குரல் எனக்குக் கேட்டது. ஒரு நாளில் எத்தனை முறை உப்புப் பார்ப்போம் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

என் தங்கை மகன் அமெரிக்காவில் வேலை பார்க்கிறான். நான் அவனிடம் கேட்ட ஒரே பொருள் அந்த பாட்டில்தான். பெயரை எழுதியே கொடுத்திருந்தேன். சென்ற பொங்கலுக்கு வந்தபோது இரண்டு கொண்டுவந்தான். "பெரியம்மா, இதுக்குப் போய் அங்க காலைல அஞ்சு மணிலேர்ந்து வரிசைல நிக்கிறாங்க. இன்டர்நெட்ல இத பத்தி எழுதறதப் பாத்தா அமிர்தம்னே நெனப்பீங்க" என்றான். காய்ச்சும் இடத்துக்கே போய் வாங்கியிருந்தான். வாசலில் இரண்டு பாட்டிலையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு படம்கூட எடுத்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டுக்கு முன்னால், வாயைக் கொப்பளித்துவிட்டு உட்கார்ந்தேன். லேபில் இருந்து கொண்டுவந்த கண்ணாடிக் குவளையில் ஒரு விரல்கடை அளவு ஊற்றினேன். என் கணவர் கார் ஷெட்டில் ரயில் பெட்டி பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். எதிரில் உட்கார்ந்து, பூஜையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். மோந்தேன். நகப்பூச்சு நெடி முன்னால் வந்தது. காத்திருந்தேன், தேன் வரும் என்று. வரவில்லை. வாயில் வைத்தேன். முதலில் எரிச்சல். அதன் பின்னால் மரம், வெறும் மரம். இருமல் மருந்தின் இனிப்பு வந்து, பழுத்த வாழை ஒரு நொடி எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. விழுங்கினேன். நெஞ்சு வரை சூடு இறங்கியது, அவ்வளவுதான். வெகு நேரம் காத்திருந்தும் நாக்கில் எஞ்சியது ஒரு கசப்பு, பென்சிலைக் கடித்த மாதிரி. நூலகமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மோசமான சரக்கு என்று சொல்லமாட்டேன். சுமார். பதினெட்டு வருஷம் காத்திருக்கவும், விடியற்காலை வரிசையில் நிற்கவும், கண்ணாடிக்குள் வைத்துக் கும்பிடவும் அதில் எதுவும் இல்லை.

இரண்டாவது வாய் எடுத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. இதை நான் முன்பே சுவைத்திருக்கிறேன். அந்த மரம், அந்த வாழை, அடியில் சுட்ட சோளம். இது என் மூன்றாவது ட்ரையல்.

குவளையைக் கீழே வைத்தேன். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். கணவர் பயந்துவிட்டார். "இன்னாம்மே, ஏறிக்கிச்சா?" என்றார்.

"இதுக்காய்யா?" என்றேன். "இந்த கண்றாவிக்காய்யா என்ன மூடி திருக வெச்சாரு?"

அவரும் ஒரு வாய் குடித்துப் பார்த்து, "நம்மூரு சரக்கே தேவல" என்றார்.

பழைய கம்பெனிக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு முறை கூடுவார்கள். நான் போனதே இல்லை. இந்த முறை கரையான்சாவடியில் பர்ச்சேஸ் ஆபீஸர் வீட்டு மொட்டை மாடியில், பிரியாணியோடு, ஞாயிற்றுக்கிழமை பகல் பதினோரு மணிக்கு என்று வாட்ஸ்ஆப் குழுவில் செய்தி வந்தது. டெக்னிக்கல் மேனேஜர் அவசியம் வருகிறார் என்றும் இருந்தது. நானும் வருகிறேன் என்று எழுதினேன். அந்த வாரம் லேபில் மூன்றாவது ட்ரையலை மீண்டும் கலந்தேன். நோட்டு பழைய கம்பெனியோடு போய்விட்டது. அளவுகள் மூக்கிலேயே இருந்தன.

மாடியில் தகரக் கூரைக்குக் கீழே பன்னிரண்டு பேர் இருந்தார்கள். நடு நாற்காலியில் அவர். மெலிந்திருந்தார். தலைக்குச் சாயம் பூசுவதை விட்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "நீயாம்மா! இன்னும் லேப்லதான் இருக்கியா?" என்றார். நன்றாகத்தான் கேட்டார். வேறு யாராவதாக இருந்தால் அங்கேயே மனசு இளகியிருக்கும். நான் பையிலிருந்து முத்திரை உடைக்காத இரண்டாவது பாட்டிலை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"உங்களுக்குத்தான் சார் கொண்டாந்தேன்."

அவர் முகம் மலர்ந்தது. பாட்டிலைத் தடவிப் பார்த்தார். எல்லோரும் நாற்காலிகளை நெருக்கிப் போட்டுக்கொண்டார்கள். பேக்கிங் அக்கா பிரியாணித் தட்டோடு வந்து நின்றாள். "சார், முதல்ல இது எப்படி இருக்கும்னு எல்லாருக்கும் ஒரு தடவை சொல்லுங்க. நீங்க சொன்னா கேட்டுக்கிட்டே இருக்கலாம்" என்றேன். கண்ணை மூடினார். தேன், நெய்யில் வறுத்த பாதாம், ஆரஞ்சுத் தோல், பழைய நூலகம். ஒரு சொல் மாறவில்லை. பர்ச்சேஸ் ஆபீஸர் முத்திரையை உடைத்து ஊற்றினார்.

ஒரு வாய் குடித்தார். இருமல் வந்தது. கண்ணில் நீர் வந்தது. கர்ச்சீப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, குவளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். 

"இது ஒரிஜினல் இல்ல" என்றார். "டூப்ளிகேட். யாரோ உன்னை ஏமாத்திட்டாங்கம்மா."

நான் கைபேசியில் காய்ச்சும் இடத்து வாசலில் தங்கை மகன் எடுத்த படத்தைக் காட்டினேன். பர்ச்சேஸ் ஆபீஸர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "பாட்டில் சீல நான்தானே சார் ஒடச்சேன். ஒரிஜினல்தான் இது" என்றார். தானும் ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னா சார், பெயின்ட் அடிச்ச கதவு கணக்கா கீது?" என்றார். அவர் அதை நினைவு வைத்துச் சொன்னாரா, தானாக வந்ததா, எனக்கு இன்றும் தெரியாது.

"சார்" என்றேன். "நீங்க அமெரிக்காவுல குடிச்சது எப்படி இருந்துச்சு?"

அவர் கர்ச்சீப்பை நான்காக மடித்தார். எட்டாக மடித்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அந்த ட்ரிப்புக்கு முன்னாடி எனக்கு மஞ்சக்காமாலை. தொடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பார்ட்டில எல்லாரும் குடிச்சாங்க. எனக்கு பாட்டிலா குடுத்தனுப்பினாங்க. அதுக்கப்புறமும் குடிக்கல."

"அப்ப தேன், பாதாம், ஆரஞ்சுத் தோலு?"

"பெட்டியில போட்டிருந்துதும்மா."

"நூலகம்?"

கர்ச்சீப்பைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "அது நானா சேத்துக்கிட்டேன்" என்றார்.

யாரோ ஒருவர் சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார். நான் நிறுத்தவில்லை. நிறுத்துவதற்காக வரவில்லை. லேபில் கலந்து கொண்டுவந்த சிறு குப்பியைத் திறந்து, பட்டையை நனைத்து, அவர் கையில் கொடுத்தேன். பட்டையையும் குவளையையும் மாற்றி மாற்றி மோந்தார்.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் மெதுவாக.

"கேக்கல சார்."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

பேக்கிங் அக்கா பிரியாணித் தட்டைக் கீழே வைத்தாள். "இன்னொரு தபா சொல்ல சொல்லுமே. என் காதுக்கு வரல" என்றாள். அவர் மூன்றாவது முறையும் சொன்னார்.

"இது என் மூணாவது ட்ரையல் சார்" என்றேன். "என் நாக்கு ரேஷன் அரிசி சாப்பிட்ட நாக்கு. உங்க நாக்கு என்ன அரிசி சார் சாப்பிட்டுது?"

பர்ச்சேஸ் ஆபீஸர், "போதும்மா, வுட்ரு" என்றார். விட்டேன். சொல்ல வேண்டியது தீர்ந்திருந்தது. கை கழுவிக்கொண்டு, அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டேன்.

வயதானவரை அப்படிச் செய்திருக்க வேண்டாம் என்று குழுவில் இருவர் எழுதினார்கள். அவர்களும் அன்று அந்த மீட்டிங்கில் இருந்தவர்கள்தான். பழி தீர்த்தவர்களுக்கு மனம் வெறிச்சென்று ஆகிவிடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். காத்திருந்து பார்த்தேன், எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. குழம்பை உள்ளங்கையில் விட்டு உப்புப் பார்த்தேன். குழம்பு மட்டும்தான் தெரிந்தது.

நான்கு நாள் கழித்து லேபில் இருக்கும்போது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு பெண் குரல். "டெக்னிக்கல் மேனேஜரா இருந்தாரே, அவரோட மனைவி பேசறேன்" என்றார்.  திட்டு வாங்கத் தயாராகி, கதவைச் சாத்திக்கொண்டேன்.

"மாடியில என்ன நடந்துதுன்னு அவரு சொல்லல. நீங்க சொல்லுங்க."

முழுவதும் சொன்னேன். ரேஷன் அரிசியையும் சொன்னேன், பெட்டியையும் சொன்னேன்.  

"நாப்பத்தி ரெண்டு வருஷம்மா" என்றார் அந்த அம்மா. "காபியில டிகாஷன் கம்மி, சாம்பார்ல புளி தூக்கல், ரசம் ரசமாவே இல்ல. எனக்கு நாக்கே கிடையாதுன்னு எங்க அம்மா வீட்டுக்காரங்க முன்னாடியே சொல்வாரு. ஞாயித்துக்கிழமைலேர்ந்து வாயே தொறக்கல. போட்டதைச் சாப்பிடறாரு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். டெக்னிக்கல் மேனேஜர் பக்கத்து அறையில் இருந்தார் போலும். "இன்னிக்கு ரசத்துல வேணும்னே ரெண்டு பங்கு உப்புப் போட்டேன்."

"அப்புறம்?"

"ரெண்டாவது தடவையும் வாங்கி ஊத்திக்கிட்டாரு."